"இதுக்கு முன்னாடி விழுந்திருக்காங்களா?"

(ஆம்பூர் பகுதி குழுக்களின் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். இன்றைக்கு ஆஸ்பத்திரி பற்றிப் பேசுவோம். வேலூரோ ஆம்பூரோ, படுக்கையில் யார் இருந்தாலும் பக்கத்தில் துணைக்கு இருப்பது பெரும்பாலும் நாமதானே?

நம்ம உறுப்பினர் ஒருவர். பேர் வேண்டாம். ஷூ கம்பெனியில் தையல் வேலை. மாமியாருக்குக் காய்ச்சல், சர்க்கரையும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். "இதுக்கு முன்னாடி எங்கயாவது விழுந்திருக்காங்களா?" என்று நர்ஸ் கேட்டார். "இல்லீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு வாரம் முன்புதான் அந்த அம்மா வீட்டில் வழுக்கி விழுந்திருந்தார். "சொன்னா மருமக சரியா பாத்துக்கலன்னு நினைப்பாங்களேன்னு பயந்துட்டேன் மேடம்" என்று என்னிடம் அழுதார்.

அன்று ராத்திரி, வேலை செய்து களைத்துத் தூங்குகிற மருமகளை எழுப்ப மனமில்லாமல், மாமியார் தனியாகப் பாத்ரூமுக்குப் போனார். விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

நர்ஸ் ஏன் அப்படிக் கேட்டார்? விழும் ஆபத்தைக் கணக்கிட பல ஆஸ்பத்திரிகளில் 'மோர்ஸ் அளவுகோல்' இருக்கிறது. ஜானிஸ் மோர்ஸ் என்ற நர்சிங் பேராசிரியர் 1980களில் கனடாவில் உருவாக்கியது. ஆறே விஷயம்தான். மூன்று மாதத்துக்குள் விழுந்திருந்தால் 25 மார்க். ஒன்றுக்கு மேல் நோய் இருந்தால் 15. டிரிப் இருந்தால் 20. கைத்தடி, வாக்கர் என்றால் 15. கட்டில், நாற்காலியைப் பிடித்து நடந்தால் 30. நடை தளர்ந்திருந்தால் 10, ரொம்ப மோசம் என்றால் 20. தன்னால் முடியாது என்பதே தெரியாமல் எழுந்து போகிறவர் என்றால் 15. பல இடங்களில் 45 வந்தாலே அதிக ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போ கணக்குப் போடுங்க. அந்த அம்மாவுக்கு இரண்டு நோய் 15, டிரிப் 20. மொத்தம் 35. உண்மையைச் சொல்லியிருந்தால் 60! ஒரே ஒரு "இல்லீங்க"வில் 25 மார்க் மறைந்துவிட்டது. 60 என்று தெரிந்திருந்தால் கூடுதலாகக் கவனித்திருப்பார்கள். மருமகள் மீது குற்றம் கண்டுபிடிக்க அல்ல, நோயாளியைக் காப்பாற்றத்தான் அந்தக் கேள்வி.

ஆகவே சகோதரிகளே, நாம் செய்ய வேண்டியவை:

* முன்பு விழுந்ததை மறைக்காதீர்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள்.
* படுத்தவர் உடனே எழுந்து நடக்கக் கூடாது. காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் உட்காரட்டும். தலைசுற்றல் இல்லை என்றால் நடக்கலாம்.
* ஷூ செய்கிற ஊர்க்காரர்கள் நாம். சோலில் பிடிப்பு எதற்கு என்று நமக்கா சொல்லணும்? தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். நைட்டி தரையில் இழுபட வேண்டாம்.
* தூங்கும் முன் ஒருமுறை பாத்ரூம் கூட்டிப்போங்கள். "எந்நேரமானாலும் எழுப்புங்கம்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.
* காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அடுத்து துணைக்கு வருகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் இல்லையென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள்.

அந்த உறுப்பினர் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். "என் பேரைச் சொல்லாதீங்க, ஆனா நடந்ததைச் சொல்லுங்க." சொல்லிவிட்டேன். நீங்களும் உங்கள் குழுவில் சொல்லுங்கள்.