தாத்தா இழுத்த படகு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது என்று செயலாளர் விரலைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பட்டிமன்றத்தில் மணி அடித்த பிறகும் மேடையை விட்டு இறங்காதவன் நான் என்பது அவருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது!

போன தை மாதம் எங்கள் செட்டில் பதினோரு பேர் திண்டிவனத்தில் கூடினோம். அதில் ஒரு நண்பர் நெதர்லாந்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். காப்பி ஆறுகிற வரைக்கும் ஆம்ஸ்டர்டாம் புராணம்தான். பதினேழாம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய்களாம், கண்ணாடிக் கூரை போட்ட படகாம், காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு பாலத்துக்கும் கதை சொல்லுமாம். கடைசியில், "நம்ம ஜில்லாவில் என்னப்பா இருக்கு, பாறையும் கரும்புக் கொல்லையும்தானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "வேனை எடுங்கடா, நானும் உங்களைப் படகில் ஏத்துறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முதலியார்குப்பம். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. பாதுகாப்புச் சட்டையைத் தொந்திக்கு மேலே இழுத்துப் பூட்டவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இல்லையா! மோட்டார் படகு ஓதியூர் உப்பங்கழியில் கிளம்பியது. தூரத்தில் மணல் திட்டு, அதற்கப்பால் கடல், தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரைகள். ஆம்ஸ்டர்டாம் நண்பரே வாயை மூடிக்கொண்டார் என்றால் பாருங்களேன்.

காதுக் கருவி இல்லாத குறையை நான் தீர்த்துவைத்தேன். மாணவர்களுக்காக அதில் கொஞ்சம் இங்கேயும் சொல்கிறேன். பக்கிங்காம் கால்வாய் இந்த உப்பங்கழிகளையெல்லாம் கோத்துக்கொண்டுதான் போகிறது. 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய வாய்க்கால்தான் இதன் தொடக்கம். பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போனார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் தவித்தபோது, 1877-78ல் அவர்களைக் கூலிக்கு வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டரைச் சென்னைக்குள் வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பசியோடு மண் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் ஆரம்பித்து சுமார் 420 கிலோமீட்டர் வந்து, நம் மரக்காணத்தில்தான் கால்வாய் முடிகிறது. நம்ம பக்கத்து உப்பும் சவுக்குக் கட்டையும் இந்தத் தண்ணீர் வழியாகத்தான் பட்டணம் போயின. சென்னையில் கேஸ் அடுப்பு வருவதற்கு முன்னால் எத்தனை வீட்டு உலை இந்தச் சவுக்கில் கொதித்திருக்கும்!

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்று தொண்டையில் நின்றது.

1975. நம் கல்லூரியில் தமிழ் வகுப்பு. பாரதிதாசன், நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனதைப் பாடிய 'மாவலிபுரச் செலவு' கவிதையை ஐயா நடத்திக்கொண்டிருந்தார். கரையில் நடந்து படகை இழுத்த உழைப்பாளிகளும் அந்தக் கவிதையில் வருகிறார்கள். ஐயா புத்தகத்தை மூடிவிட்டு, "மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கீங்களா? இந்தப் படகு இழுக்கிறவங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் மரக்காணம்தான். என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், அந்தப் படகை இழுத்தவர்தான். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லையென்றால் கழி போட்டுத் தள்ளுவார்கள், அதுவும் முடியாத இடத்தில் தாம்புக் கயிற்றைத் தோளில் மாட்டிக் கரையோடு நடந்து இழுக்க வேண்டும். பட்டணம் போய்ச் சேர மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். அவருடைய வலது தோளில் மாட்டுக் கழுத்தைப் போலக் காய்ப்பு ஏறியிருக்கும். சின்ன வயசில் அதைத் தடவிக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன்.

கையைத் தூக்கவில்லை. விடுதியில் எல்லோரிடமும், "எங்க தாத்தா சவுக்கு வியாபாரம், பட்டணத்துக்கு அனுப்புவார்" என்றல்லவா சொல்லிவைத்திருந்தேன்! ரைஸ் மில் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே வேறெப்படிச் சொல்வது என்று அந்த வயசுக்குத் தோன்றியது. ஐயா ஒரு நிமிஷம் காத்திருந்தார். அப்புறம் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். நான் கை தூக்கியிருந்தால் ஐயா அவரைத் தேடி வந்திருப்பார், அப்படிப்பட்ட மனுஷர். எந்த இடத்தில் ஆழம், எந்த முகத்துவாரம் எந்த மாதம் திறக்கும் என்பதெல்லாம் அந்தக் கிழவருக்கு மனப்பாடம். ஒரு வரிகூட யாரும் எழுதிவைக்கவில்லை. மறு வருஷம் அவர் போய்விட்டார்.

படகில் இதைச் சொன்னபோது யாரும் எதுவும் பேசவில்லை. ஆம்ஸ்டர்டாம் நண்பர் மட்டும், "ஏன்டா, அன்னைக்கு நான்தானேடா உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றார். பிறகு என் வலது தோளில் கையை வைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை.

படகோட்டிய தம்பியிடம், "இப்படியே மரக்காணம் போக முடியுமா?" என்று கேட்டேன். "எங்க சார், வழியெல்லாம் மண்ணு மேவிக் கெடக்குதே" என்றார். 1965, 66, 76ஆம் வருஷத்துப் புயல்கள் கால்வாயைக் கெடுத்தன, லாரி வந்து மிச்சத்தை முடித்தது. சென்னைக்குள்ளோ கால்வாய்க்குள்ளேயே தூண் ஊன்றிப் பறக்கும் ரயில் விட்டுவிட்டார்கள். 2008ல் இந்தக் கால்வாயையும் நம் கழுவெளியையும் சேர்த்து தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். 2021ல் கழுவெளி பறவைகள் சரணாலயம் ஆனது. படகு வரட்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் பறவையை விரட்டிவிட்டு வருகிற படகில் நான் ஏறமாட்டேன்.

செயலாளர் எழுந்து நிற்கிறார். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, கால்வாயோரக் கிழவர்கள், கிழவிகள் சொல்வதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஆறு பேர். முழங்கால் வலியால் உப்பளத்து வரப்பில் என்னால் நடக்க முடியவில்லை. துணைக்கு ஆள் வேண்டும். மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இங்கே இருக்கீங்களா?

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை தெரிகிறது. சாப்பாடு முடிந்ததும் வந்து என்னைப் பாரம்மா.