குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய்க்கு முன்னால் நெஞ்சுச் சூடு

நம் குடியிருப்பில் பாட்டிமார் அதிகம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ இரண்டு கிலோகூட இல்லாத குழந்தை வீட்டுக்கு வந்தால், காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். அந்தத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு. உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு முதலில் வேண்டியது கங்காரு பராமரிப்பு: டயபரும் தொப்பியும் மட்டும் போட்டு, வெறும் மார்பில் நிமிர்த்தி அணைத்து, மேலே துணி சுற்றுவது. இன்குபேட்டர் போதாமல் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் தொடங்கியது இது. இன்று உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அணைக்கச் சொல்கிறது. அம்மா சோர்ந்தால் அப்பா, பாட்டி யாரும் அணைக்கலாம். அப்பாக்களுக்குச் சட்டையைக் கழற்ற ஏனோ கூச்சம்!

மசாஜே வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை ஏறி, டாக்டர் சரி என்றதும் தேங்காய் எண்ணெயில் மெதுவாகத் தடவுங்கள். குழந்தை சிணுங்கினால் நிறுத்திவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது எப்போதுமே கூடாது. பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அணைத்தும் உள்ளங்கால் சில்லிட்டே இருந்தாலோ, குழந்தையை மார்பிலிருந்து எடுக்காமலே 108-ஐ அழையுங்கள்.