காலணாத் தாளும் கைபேசி நூலும்
(அணுபுரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் காலணாவுக்குக் கொடுத்தார். கூலிக்காரனும் வாங்கணும், அதுதான் அந்த விலையின் அரசியல். இன்று அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகளைக் காசில்லாமலே கைபேசியில் இறக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய நூல், இதழ், சுவடின்னு மணிக்கணக்கில் புரட்டலாம். புரட்டுங்கள்.

ஆனால் நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். பேரேட்டில் இருப்பதைவிட விடுபட்டதைத்தான் முதலில் தேடுவேன். ‘தமிழன்’ நமக்கு எப்படிக் கிடைத்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தாள்களைக் கட்டிக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். 1999இல் நூலாயிற்று. யாரும் காப்பாத்தாத தாள் எந்தத் திரையிலும் வராது.

இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதன் முழு வரிசையையும் தேடிப் பாருங்கள், நாம் இழந்தது என்னவென்று புரியும்.

மலிவாகக் கிடைப்பதை வாசிப்பது பாதி வேலைதான். நம் சேரிகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் துண்டறிக்கை, மனு, கையெழுத்து இதழ் எல்லாத்தையும் கரையான் தின்னுமுன் படியெடுத்து அந்த அலமாரியில் ஏத்தணும். அதுதான் மீதி வேலை. அதை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.