கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் துணிவு

(கோத்தா திங்கி வட்டாரத் தோட்ட இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்புடன் வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னே நெடுநேரம் பேசும் எண்ணம் நமக்கில்லை. ஒரே ஒரு நாவலைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். உழைத்து அலுத்தவனுக்கு நாவல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பொழுதைப் போக்குவதற்காக அதனை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பையன் எந்த நாளில் முழு மனிதன் ஆகிறான் என்ற கேள்வி தாய் தந்தையர் அனைவர்க்கும் உண்டு. அந்தக் கேள்விக்கு இந்நூலில் ஒரு விடை இருக்கிறது.

நாவலின் பெயர் '18வது அட்சக்கோடு'. ஆசிரியர் அசோகமித்திரன். 1931-இல் செகந்தராபாத்தில் பிறந்து, தம் 21-ஆம் வயதில் சென்னையில் குடியேறி, 2017-இல் மறைந்த தமிழ் எழுத்தாளர் அவர். இந்நூல் 1977-இல் வெளிவந்தது. இந்திய மொழிகள் பலவற்றிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

அட்சக்கோடு என்பது உலகப்படத்தில் கிழக்கு மேற்காக வரையப்படும் கோடு. செகந்தராபாத் நகரம் 18-ஆம் கோட்டை ஒட்டி இருக்கிறது. நம் கோத்தா திங்கியோ 2-ஆம் கோட்டுக்கும் கீழே, பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கிறது. இடையே பெருங்கடல் கிடக்கின்றது. ஆயினும் அங்கே ஓர் இளைஞனுக்கு நேர்ந்த சோதனை இங்கே நம் லயத்து வாசலிலும் நேரக்கூடியதே.

கதையின் காலம்

இந்தியா 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் விடுதலை பெற்றது. அப்போது ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணையவில்லை. அதனை ஆண்டவர் முஸ்லிம் மன்னரான நிஜாம்; குடிமக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஓராண்டுக்கும் மேலாக அங்கே குழப்பம் நிலவிற்று. ரஜாக்கர்கள் என்ற ஆயுதப் படையினர் பல ஊர்களில் மக்களை வருத்தினர். 1948 செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை சமஸ்தானத்துள் நுழைந்தது. ஐந்தே நாட்களில் போர் முடிந்தது.

ஆனால் துயரம் முடியவில்லை. முன்பு ரஜாக்கர்கள் செய்த கொடுமைக்கு, அக்கொடுமையில் பங்கே இல்லாத எளிய முஸ்லிம் குடும்பங்கள் விலை கொடுக்க நேர்ந்தது. பிரதமர் நேருவின் ஏற்பாட்டில் பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழு சென்று விசாரித்தது. குறைந்த கணக்கிலேயே 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்று அக்குழு எழுதியது. அந்த அறிக்கை நெடுங்காலம் வெளியிடப்படாமல் இருந்து, 2013-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. வரலாறு பேசாதிருந்த அந்த நாட்களைப் பற்றி, 36 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் நாவல் பேசிவிட்டது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

சந்திரசேகரன் என்ற இளைஞன்

கதையின் நாயகன் சந்திரசேகரன் கல்லூரி மாணவன். தந்தையின் ரயில்வே உத்தியோகத்தை நம்பி வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் தமிழ்க் குடும்பம் அவனுடையது. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு அவ்வாழ்க்கை புதிதன்று. அண்டை வீட்டில் முஸ்லிம்கள், அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்தியர்கள். சைக்கிளும் கிரிக்கெட்டும் நண்பர்களுமே அவன் உலகம்.

மெல்ல மெல்ல அந்த உலகில் விரிசல் காண்கிறது. நேற்றுவரை பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் இன்று இந்து ஆகிறான், முஸ்லிம் ஆகிறான். மாணவர்கள் போராட்டத்தில் இறங்குகிறார்கள். சந்திரசேகரனோ உறுதியின்றித் தடுமாறுகிறான். அவனை ஆசிரியர் வீரனாகக் காட்டவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல, பலர் போகும் வழியில் தானும் போகும் சாதாரணப் பையனாகவே காட்டுகிறார்.

இறுதியில் ஓர் இரவு வருகிறது. ஊரெங்கும் கலவரம். சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் சென்றுவிடுகிறான். உள்ளே அச்சத்தால் நடுங்கும் ஒரு குடும்பம். வந்தவன் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. தங்களை அழிக்க வந்தவன் என்றே முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்து உயிர்களைக் காக்கும்பொருட்டு, ஓர் இளம்பெண் தன் மானத்தையே அவன் முன் விலையாக வைக்க முன்வருகிறாள்.

அவன் எவரையும் அடித்தவனல்லன். ஆயினும் அந்தப் பெண்ணின் கண்ணில் அவனும் அந்தக் கொலைகாரக் கூட்டத்தில் ஒருவன். அவளைக் கண்ட அந்தக் கணத்தில் அவன் உள்ளம் உடைந்துபோகிறது. தாங்கொணா வெட்கத்தோடு அங்கிருந்து ஓடுகிறான். கதை அத்துடன் முடிகிறது.

ஓடுவது எப்படித் துணிவாகும் என்று நீங்கள் கேட்கலாம். அவன் ஓடியது எதிரிக்கு அஞ்சி அன்று. தன் பக்கம் வென்றுகொண்டிருந்த நேரத்தில், அந்த வெற்றியில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று ஓடினான். தன் கூட்டத்தார் செய்த தவற்றைக் கண்டு தானே வெட்கப்படத் தெரிந்த நாளில் பிள்ளைப் பருவம் முடிவடைகிறது. மீசை முளைப்பதும் சம்பளம் வாங்குவதும் உடம்பின் வளர்ச்சி. இந்த வெட்கமே உள்ளத்தின் வளர்ச்சி.

அமெரிக்காவில் ஒரு சிறுமி

இதே உண்மையை வேறொரு கோணத்தில் காட்டும் நாவல் ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஹார்ப்பர் லீ என்ற அம்மையார் 1960-இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' அது. செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட ஒரு கறுப்பருக்காக வெள்ளையரான வழக்கறிஞர் ஒருவர் வாதாடுகிறார். ஓரிரவு, கைதியைக் கொல்லும் நோக்குடன் ஒரு கூட்டம் சிறை வாசலுக்கு வருகிறது. வழக்கறிஞரின் சின்னஞ்சிறு மகள் ஸ்கவுட் அங்கே ஓடிவருகிறாள். கூட்டத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கண்டு, பெயர் சொல்லி அழைத்து, அவர் மகன் தன்னோடு படிப்பவன் என்று கூறி, அவன் நலம் விசாரிக்கிறாள். அவர் தலை கவிழ்கிறார். சற்று நேரத்தில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்.

அச்சிறுமி கம்பெடுக்கவில்லை. கூட்டத்தில் கரைந்துபோன ஒரு மனிதரை மீண்டும் ஒரு தந்தையாக ஆக்கினாள். கூட்டத்திற்கு முகமில்லை, பெயரில்லை. ஆகவே அதற்கு வெட்கமும் இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் மனிதன் விழித்துக்கொள்கிறான்.

நம் ஊர் மண்ணில்

கோத்தா திங்கி என்றால் உயர்ந்த கோட்டை என்பது பொருள். இம்மண்ணிலும் நாம் பாடம் கற்கத்தக்க ஒரு பழங்கதை உண்டு. 1699-இல் சுல்தான் மாமூட், பல்லக்கில் சென்றுகொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய அடக்கத்தலம் இன்றும் இங்கே கம்போங் மக்காமில் இருக்கிறது. ஒரு சுளை பலாப்பழத்திற்காகத் தன் கருவுற்ற மனைவி கொல்லப்பட்டதால், படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா பழி தீர்த்தான் என்று மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். பழி தீர்ந்ததால் அமைதி வந்ததா? வரவில்லை. அரியணைப் போட்டி மூண்டது. 1718-இல் சியாக்கின் ராஜா கெச்சில், இறந்த சுல்தானின் மகன் தானே என்று கூறிப் படையெடுத்து வந்தார். ஒரு சுளையில் தொடங்கிய துயரம் ஒரு தலைமுறையோடு ஓயவில்லை.

அண்மைக் கால வரலாறும் அதனையே கூறுகிறது. 1969 மே 13-ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட கலவரத்தை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் புண் ஆற வேண்டும் என்றே 1970 ஆகஸ்டு 31-ஆம் நாள் ருக்குன் நெகாரா பறைசாற்றப்பட்டது. அதன் ஐந்து கோட்பாடுகளில் இறுதியானது நன்னடத்தையும் ஒழுக்கமும் ஆகும். அண்டை வீட்டாரை அச்சுறுத்தாமல் வாழ்வதே நன்னடத்தையின் முதற்படி.

நாம் வாய் திறவாத நாள்

தோழர்களே, இவ்வளவும் பிறர் கதை. நம் கதை ஒன்றையும் மறைக்காமல் கூறுவது கடமையாகும்.

நமக்கு 17 வயது இருக்கும்போது, நாம் வாழ்ந்த தோட்டத்தில் ஒட்டுப்பால் மூட்டை ஒன்று காணாமற்போயிற்று. வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பையன் மேல் பழி விழுந்தது. அந்தி வேளையில் அவன் லயத்து வாசலில் முப்பது பேர் கூடினர். முதலில் வசவு, பிறகு அடி. அவன் தாய் வாசற்படியில் நின்று இரு கைகளையும் கூப்பினாள். அவளும் யார் எவர் என்று பார்க்கவில்லை. அந்தக் கூப்பிய கை நம்மை நோக்கியும் இருந்தது.

மூட்டை காணாமற்போனதாகச் சொன்ன அந்த நேரத்தில் அந்தப் பையன் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததை நாம் கண்ணால் கண்டிருந்தோம். "அவன் ஆற்றிலே இருந்தான்" என்று சொல்ல மூன்று சொற்களே வேண்டும். நாம் சொல்லவில்லை. சொன்னால் நம்மையும் கூட்டாளி என்பார்களோ என்று அஞ்சினோம். மறுநாள் அந்த மூட்டை லாரியில் வேறு சரக்கோடு கலந்து கிடந்தது தெரிந்தது. மன்னிப்புக் கேட்பார் எவருமில்லை. மாதக் கடைசியில் அக்குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

அடித்தவர்களை விட நாமே பெரிய குற்றவாளி என்று இன்றும் எண்ணுகிறோம். அவர்களுக்கு உண்மை தெரியாது, நமக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்குப் பின் அசோகமித்திரனின் நாவலைப் படித்து முடித்த இரவில், அந்தத் தாயின் கைகள் நம் கண் முன்னே வந்து நின்றன. நல்ல நூல் செய்யும் வேலை அதுதான். மறந்துவிட்டோம் என்று நாம் எண்ணியிருந்ததை நம் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கூட்டம் கூடும்போது உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதனை நான் கண்ணால் கண்டேனா? பழிக்கப்பட்டவன் பேச இடம் கொடுத்தோமா? தனியாக இருந்தால் நான் இதனைச் செய்வேனா? இந்த மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்ற விடை வந்தாலும், ஓரடி பின்னால் எடுத்து வையுங்கள். இயலுமாயின் ஒரு சொல் பேசுங்கள். பிறர் பயந்தாங்கொள்ளி என்று நகைக்கலாம். நகைப்பு நான்கு நாளில் மறைந்துவிடும். பேசத் தவறிய சொல்லோ வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

நேர்மை என்பது பெரிய மேடைகளில் மட்டும் தேவைப்படும் பண்பன்று. பாலில் நீர் கலவாதிருப்பதும் நேர்மை. அடுத்தவன் நிரையில் இருக்கும் மங்கைத் தொடாதிருப்பதும் நேர்மை. தெரிந்த உண்மையைத் தெரிந்தபடி சொல்வதும் நேர்மை. முதல் இரண்டும் தோட்டத்தில் பலருக்கு உண்டு. மூன்றாவதற்குத்தான் துணிவு வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் நல்ல நூல்களைப் படிக்க வழி செய்யுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை, மாலையில் தாத்தா பாட்டிக்கும் வாய்விட்டுப் படிக்கட்டும். கேட்டவர்கள் தங்கள் வாழ்வில் கண்டவற்றைச் சொல்லட்டும். அவ்வாறு ஒரு நூலைச் சுற்றி மூன்று தலைமுறையும் பேசும் வீட்டில் வளரும் பிள்ளை, கூட்டத்தோடு எளிதில் அடித்துச் செல்லப்பட மாட்டான்.

நம் தோட்டங்களில் இனி எந்தத் தாயும் வாசற்படியில் நின்று கைகூப்பும் நிலை வராதிருக்கட்டும். வந்துவிட்டால், அங்கே கூடியிருப்பவருள் ஒருவராவது அவளைப் பெயர் சொல்லி அழைத்து, அவள் பக்கம் போய் நிற்கட்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று கேட்டு, விடைபெறுகிறோம்.