தீப்பெட்டியில் தொக்கி நிற்பவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்தில் நாள்தோறும் புழங்கும் சொல் 'தீப்பெட்டி'. திறந்து பார்த்தால் உள்ளே தீ இல்லை, குச்சிகளே உள்ளன. குச்சியின் தலையில் மருந்து. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாசுபரம். இரண்டும் உரசும்போதே தீ பிறக்கிறது. மருந்தை இவ்வாறு பிரித்து வைக்கும் முறைக்குச் சுவீடன் நாட்டுப் பாஷ் 1844-இல் காப்புரிமை பெற்றார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த இத்தொழில், 1923-இல் சிவகாசியில் வேர்கொண்டது.

பொருள் வந்தால் பெயரும் வேண்டுமல்லவா? ஆங்கிலேயர் 'மேட்ச்' என்றனர்; அது திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. நம் மக்கள் வழக்கிலுள்ள 'வத்திப்பெட்டி'யிலும் திரியே உள்ளது. 'வர்த்தி' என்னும் வடசொல்லின் திரிபு அது. நோர்வே மக்களோ நெருப்பையும் குச்சியையும் இணைத்து 'ஃபியூர்ஸ்டிக்' என்றனர். நம் 'தீக்குச்சி'யின் அமைப்பும் அதுவே.

தமிழுக்கு இவற்றினும் பழைய சொல் ஒன்றுண்டு. அது சங்கப் பாடல்களில் பயிலும் 'ஞெலிகோல்'. கடைந்து தீயுண்டாக்கும் கோல். வினைத்தொகையாதலின் அதில் காலம் மட்டுமே மறையும். கடையும் தொழில் வெளிப்பட நிற்கும். 'தீக்குச்சி'யோ உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'தீயைத் தரும் குச்சி' என விரித்தால்தான் வினை புலப்படும். 'தீப்பெட்டி'யை விரிக்கப் புகின், 'தீயைத் தரும் குச்சிகளை உடைய பெட்டி' என இன்னும் நீளும்.

இலக்கணம் இவ்வளவில் நின்றுவிடும். நாமோ மேலும் விரிக்கக் கடமைப்பட்டவர்கள். சட்டத்தில் குச்சி அடுக்கியவர், மருந்தில் தோய்த்தவர், பெட்டி ஒட்டியவர் அனைவரும் அச்சொல்லில் மறைந்து நிற்கின்றனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். சிவகாசித் தொழிலில் சிறுவர் உழைப்பைக் குறித்து உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்புரைக்க நேர்ந்தது. 'தீப்பெட்டி ஆபீஸ்' என நாம் இயல்பாகச் சொல்கிறோம். அந்த 'ஆபீஸ்' மருந்து நெடியையும் மறைத்துவிடுகிறது.

பாவலர்களே! தொகைச்சொல் கவிதைக்குச் செறிவு தரும். அதனைத் தாராளமாக ஆளுங்கள். எதனைத் தொகுத்தோம் என்பதை அறிந்து ஆளுங்கள். வரும் பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் அரங்கேறும் கவிதை ஒன்றிலேனும், 'தீப்பெட்டி' என்னும் சொல்லினுள் அதனை ஒட்டிய கை தெரிய வேண்டும். அதுவே என் விழைவு.