ஒன்பது பேருக்கு ஒருத்தி

சீருடையோடு கடைசி வரிசையில் நிற்கிற என் சகோதரிகளே! முதலில் உட்காருங்கள். ராத்திரி முழுக்க நின்றவர்கள் இங்கேயும் நிற்க வேண்டாம். தம்பி, நாலு நாற்காலி எடுத்துப் போடுப்பா.

மே 12, நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். கேக் வெட்டியாகிவிட்டது. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நேற்று நைட் டூட்டியில் வார்டுக்கு எத்தனை நர்ஸ்?

போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். 3 ஷிஃப்டாகப் பிரித்தால், ஒரு நேரத்தில் 9 பேருக்கு ஒருத்தி. லீவு போடுகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் பேர் கூடுதலாக வேண்டும். இது ஏட்டில். வார்டில்? நாற்பதா, ஐம்பதா? கட்டில் போக, தரையில் பாய் விரித்தவர்களையும் எண்ணுங்கள்!

ஒரு தங்கச்சி இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் மெமோ வரும். ராத்திரி டூட்டி முடிந்தும் ரிலீவர் வரவில்லை. "நீயே பார்த்துக்கோம்மா" என்றார்கள். பார்த்தாள். பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே விட்டவள் அவள்! கடைசியில் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். படுத்துக்கொண்டு என்ன கேட்டாள்? "என் வார்டை இப்ப யாரு பார்க்குறாங்க?"

சிலர் மேடை ஏறி, "இது தொழில் அல்ல, தொண்டு" என்கிறார்கள். ஒரு ராத்திரி கண்விழித்திருப்பார்களா அவர்கள்? தொண்டு என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைத்தவர்களை நான் விடுவதாக இல்லை! 2015இல் தேர்வெழுதி வந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு அப்போது தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2 வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் அந்தப் பிள்ளைகள் போராட உட்கார்ந்தார்கள். கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 22, மாலை 5 மணிக்கு நாடே அவர்களுக்குக் கை தட்டியது. தட்டிய கைக்கு நியமன ஆணையில் கையெழுத்துப் போட மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

அந்தத் தங்கச்சியை என்னால் விட முடியவில்லை. மருந்துச் சீட்டை இரண்டு தடவை படிப்பாளாம். தூக்கம் கண்ணைக் கட்டுவதால் மூன்றாவது தடவையும் படிப்பாளாம். ஐயா, அந்த மூன்றாவது தடவையில்தான் உங்கள் அப்பாவின் உயிர் இருக்கிறது!

தீர்மானம் சொல்கிறேன். காலியிடம் அத்தனையும் நிரப்பு! அந்த 30 சதவீதத்தையும் நியமி! ரிலீவர் வராத ஒவ்வொரு காலைக்கும் அதிகாரி எழுத்தில் பதில் சொல்லட்டும்! ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். மேடையில் இருக்கிற பெரியவர்களே, நீங்களும்தான்!