நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்



தவணையில் வாங்கிய சலவை இயந்திரம் மூன்றாம் மாதமே நின்றுவிடுகிறது. தவணை மட்டும் நிற்பதில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டே போகிறது. "கம்பெனிக்கு எழுதுங்கள்" என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். எழுதுகிறோம், பதிலில்லை. அந்தக் கடிதம் எங்கேதான் போகிறது?

பெரிய நிறுவனங்களில் வரும் கடிதங்களை முதலில் வகை பிரிப்பார்கள். வாங்கிய தேதி, ரசீது எண், பொருளின் எண், நமக்கு வேண்டியது பழுதுபார்ப்பா, பணமா என்ற விவரம் இவையெல்லாம் இருந்தால் அதைப் புகாராகப் பதிந்து, உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள். வெறும் ஏச்சுப் பேச்சாக இருந்தால் குமாஸ்தா என்ன செய்வார், பாவம்!

யோசனைகளின் கதி வேறு. "மூடியை இப்படி அமைத்தால் நல்லதாயிற்றே" என்று நல்ல மனத்தோடு எழுதுவோம். பல நிறுவனங்கள் அதைப் பரிசீலிக்காமலே திருப்பிவிடும். பின்னாளில் அவர்களே அப்படிச் செய்தால், "என் யோசனையைத் திருடிவிட்டார்கள்" என்று வழக்கு வருமே என்ற அச்சம்! ஆகவே புகாரையும் யோசனையையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

அசல் ரசீதை அனுப்பவே வேண்டாம்; நகல் போதும். எழுதிய கடிதத்துக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 2019ஆம் ஆண்டிலிருந்து 50,000 வெள்ளி வரை கோரலாம். கோரிக்கைக்குக் காரணம் ஏற்பட்ட 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.